லேனா சாப்பிட்டுவிட்டாள்

என்னங்க,

பெல் அடிக்காதீர்கள், மருமகள் தூங்குகிறாள். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு குழியைப் பார்ப்பீர்கள். பெருச்சாளி இல்லை, நான்தான். "பிப்ரவரி வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்லியிருந்தும், அவளுக்காக நீங்கள் வைத்த அவள் ஊர் செலரிக் கிழங்கில் பெரிதாகத் தெரிந்ததைப் பிடுங்கிவிட்டேன். எலுமிச்சை அளவுக்குத்தான் திரண்டிருந்தது.

டெங்கு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளாக, கஞ்சியைக் கண்டாலே லேனா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேறு என்னதான் செய்வது? உருளைக்கிழங்கோடு வேகவைத்து மசித்து, பாலும் மிளகும் சேர்த்தேன். வாசனை அவள் அறைக்குப் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே சமையலறைக்கு வந்துவிட்டாள். "அத்தை, எங்க அம்மா சூப்" என்றாள். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள், வாந்தி இல்லை. எனக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

"இந்த வெயில்ல ஜெர்மனிக் கிழங்கு வருமா, வெண்டை போடுங்க" என்று நான் சண்டை போட்டதை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு மீன்குழம்பு இருக்கிறது. மீதி சூப் அவளுக்கு.

என் ஸ்கூல் விட்டதும் பெருங்களத்தூரில் இளநீர் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

ஜெயசீலி

மற்ற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

இன்னொன்று. பெர்லினுக்கு ஃபோன் போட்டு டெனிஸிடம் சூப் கதையைச் சொன்னேன். "பொண்டாட்டிய இங்க விட்டுட்டு வேலைதான் முக்கியமாடா" என்று நீங்கள் ஃபோனில் கத்தியதிலிருந்து உங்களைப் பற்றிக் கேட்காதவன், இன்று கேட்டான்.

"செடி அப்பா வெச்சதாம்மா?"

ஆமாம் என்றேன். சாயங்காலம் நீங்களே அவனைக் கூப்பிடுங்கள்.