சூரியன் மறைந்தால் மணி பன்னிரண்டு

மார்ச் 11

அன்பு மகனுக்கு, உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. எழுபத்திரண்டு வயதுக் கை இது, ஸ்குரூ டிரைவருக்குப் பழகியது. பென்சிலை அழுத்தினால் தாள் கிழிகிறது. நான்கு நாளாக எழுதுகிறேன். யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரவில்லை, முழுதும் நானே! "கடைய பூட்டிட்டு வந்தா சோறு கேப்பீங்க, இப்ப ரப்பர் கேக்குறீங்க" என்கிறாள் உன் உம்மா. மருந்துக்கடை மாடியில் நடக்கும் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் நான்தான் முதல் பெஞ்சு.

நான் முதன்முதலாக முழுசாகப் படித்த புத்தகம் நீ எழுதியது. "துரைமார் எழுத்தில் நம்மவர்". விரல் வைத்துப் படிக்க மூன்று மாதம் ஆனது. அட்டையில் உன் பெயரைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டினேன். பிறகு நாற்பத்தேழாம் பக்கம் வந்தது.

நூறு வருஷத்துக்கு முன் இங்கே இருந்த ஒரு துரையின் நாட்குறிப்பை அதில் மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறாய். பள்ளிவாசல் கடிகாரத்தைப் பராமரித்தவர் மாலையில் அடிக்கடி முள்ளைப் பின்னுக்குத் தள்ளினாராம். மணியைப் பிடுங்கி மூலையில் போட்டாராம். எந்திரம் என்றால் பயமாம். கீழே நீ எழுதுகிறாய்: "காலத்தையே பின்னோக்கித் திருப்பப் பார்த்த ஒரு சமூகத்தின் அடையாளம் இவர்."

அவர் என் பாட்டனார். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவர் கடிகாரத்தில் சூரியன் மறையும்போது மணி பன்னிரண்டு. நமக்கு நாள் அங்கேதான் தொடங்குகிறது. மறைவு நேரம் நகரும், அதனால் முள்ளையும் நகர்த்தினார். அந்தப் பக்கத்தை மாற்று.

உன் வாப்பா,
கடிகாரக்காரர்


மார்ச் 29

அன்புள்ள வாப்பாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உறையைப் பார்த்துவிட்டு, "கொழந்தை எழுதினதா?" என்று கேட்டார் தபால்காரர். "ஆமா, எழுபத்திரண்டு வயசுக் கொழந்தை" என்றேன். கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

நான் துரையின் பக்கம் இல்லை, வாப்பா. ஆனால் இங்கே என் பெயரைக் கேட்டதுமே, "உங்க ஆளுங்க ஏன் இன்னும் மாறல?" என்கிறார்கள். அதற்கு நாமே நேர்மையாகப் பதில் தேட வேண்டாமா? பாட்டனார் விஷயம் வீட்டில் சொல்கிற கதை. துரையிடம் தேதி போட்ட எழுத்து இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் நான் எதை மாற்றுவது? ஜூலை கடைசியில் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. கோபிக்காதீர்கள். கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உங்கள் மகன்


ஜூலை 2

மகனுக்கு ஸலாம்.

கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. கோபமும் அப்படியே.

ஆதாரம் உன் புத்தகத்திலேயே இருக்கிறது. நீ வேகமாகப் படிக்கிறவன், தாண்டிப் போய்விட்டாய். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் தாண்ட முடியாது. மே மாதத்தில் துரை எழுதுகிறான்: கடிகாரக்காரன் ஒரு நிமிடம் தள்ளினான், மூன்று நாள் விட்டு இன்னொன்று, நான்கு நாள் விட்டு இன்னொன்று, குழந்தை விளையாட்டு. ஜூன் கடைசியில் எழுதுகிறான்: ஆறு நாளாக முள்ளைத் தொடவே இல்லை, சோம்பேறி.

கடையிலிருந்து ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து அதையே நானும் செய்து பார்த்தேன். மொட்டைமாடியில் நின்று, சூரியன் மறைந்ததும் "இப்போ!" என்பேன். கீழே உன் உம்மா முள்ளைப் பன்னிரண்டில் வைப்பாள். "தெருவே வேடிக்கை பாக்குது, சீக்கிரம் சூரியன எறக்கிவிடுங்க" என்று தினமும் சத்தம். மே மாதத்தில் எனக்கும் மூன்று, நான்கு நாளுக்கு ஒரு நிமிடம் என்றுதான் வந்தது. போன வாரம் முள்ளைத் தொட வேண்டியே வரவில்லை. ஜூன் கடைசியில் மறைவு அசையாது. பாட்டனார் சும்மா இருந்ததும் சரியான வேலைதான்.

அந்த மணி. மணியடிக்கும் கடிகாரத்தில் முள்ளைப் பின்னுக்குத் தள்ளினால் அடிக்கிற பாகம் சிக்கி உடைந்துவிடும். கழற்றி வைத்துவிட்டார். என் தொழிலில் இது முதல் வாரப் பாடம். நீ அடிக்குறிப்பில் "மணியோசை மீது மத வெறுப்பு" என்று போட்டிருக்கிறாய். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

துரை ஜூலையில் ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு மறைவு முந்தும், பாட்டனார் முள்ளை முன்னுக்குத் தள்ளியிருப்பார். அவன் இன்னும் மூன்று மாதம் தங்கியிருந்தால் நாம் முன்னேறிய சமூகமாகியிருப்போம்!

அந்தக் கடிகாரம் துரைமார் நாட்டுச் சரக்குதான். பாட்டனார் அதைத் திறந்து, கழற்றி, நம் தொழுகைக்கு வேலை செய்ய வைத்தார். இதற்குப் பெயர் பயமா? உன்னிடம் கேட்கிறவர்களிடம் இதைச் சொல்.

இன்னொன்று. நூலகப் பிரதியில் நாற்பத்தேழாம் பக்க ஓரத்தில் "இது தப்பு" என்று பேனாவால் எழுதிவிட்டேன். "பெரியவரே, லைப்ரரி புக்குல எழுதலாமா?" என்று நூலகர் கத்தினார். "அவன் எழுதலாம், நான் எழுதக் கூடாதா?" என்றேன். என் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். பரவாயில்லை. எழுதியது எழுதியதுதான்.

வாப்பா


ஜூலை 14

அன்புள்ள வாப்பாவுக்கு,

நம் ஊரின் மறைவு நேரப் பட்டியலை எடுத்துத் துரையின் தேதிகளோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த வரிகளை எழுதியபோது எனக்கு இருந்த தைரியத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுகிறேன். "கடிகாரக்காரர் ஒருவரின் வாய்மொழித் தகவல்" என்று அடிக்குறிப்பில் உங்களைச் சேர்க்கட்டுமா?

உங்கள் மகன்


ஜூலை 25

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பக்கத்தை எடுக்காதே. துரை சொன்னது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழேயே பதிலும் இருக்கட்டும், அதே அளவு எழுத்தில்.

வாய்மொழி என்று மட்டும் போடாதே. அவன் சொன்னால் எழுத்து, நான் சொன்னால் வாய்மொழியா? ஒன்பது தாள், மூன்று பென்சில் ஆகியிருக்கிறது. "கடிதம்" என்று போடு. தேதியும் போடு.

உன் புத்தகத்தை இரண்டாம் தடவை படிக்கிறேன். எண்பத்தொன்றாம் பக்கத்தில் துரை நம் வீட்டுப் பெண்களைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான். உன் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவள் ஒரு பென்சிலை எடுத்துச் சீவினாள். நேற்றிலிருந்து வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என் ரப்பரையும் எடுத்துக்கொண்டாள்.

வரும் வெள்ளி தொழுகை முடிந்ததும் நான் மறுபடி எழுத உட்காருவேன். அவளும் உட்காருவாள். உறை கனமாக வரும், தபால்காரரிடம் சொல்லி வை.

வாப்பா