கப்பலில் போன பொம்மை ஃபெர்ரி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. டியூட்டி மதியம்தான் என்பதால் அதற்குள் ஹாடோ துறைமுகம் போய் வந்தாயிற்று.

நான் செய்த பொம்மை ஃபெர்ரியைக் கணேசன் அண்ணன் கையில் கொடுத்து சென்னைக்கு அனுப்பினேன். கப்பல் வெள்ளிக்கிழமை காலை சேரும். அவருடைய மாப்பிள்ளை துறைமுகத்துக்கே வருகிறாராம். அங்கிருந்து நேராக விஜி மேடம் ஆபீஸ். காப்புரிமை விண்ணப்பம் எழுதுவதற்கு மாடலைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் வரைந்து அனுப்பிய படங்களில் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் படம் அப்படி.

பையில் வைத்தது: ஃபெர்ரி (பிளைவுட்டில் செய்தது. படாக் மரம் என்றால் வனத்துறை பாஸ் கேட்டு உயிரை எடுப்பார்கள்). அதில் கவிழாமல் ஏற்ற வேண்டிய பஸ், லாரி, ஜீப், ஆட்டோ. கடலுக்கு நீல அட்டை. எல்லாம் பழைய புடவையில் சுற்றி. ஊறுகாய் பாட்டில் தனி, அது கணேசன் அண்ணன் மகளுக்கு.

என் வீட்டுக்காரர் பாஸ்கர் கூரியரில் அனுப்பச் சொன்னார். இந்தத் தீவில் யார் கூரியரை நம்புகிறார்கள்? மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, ஸ்கேன் ரிப்போர்ட், முருங்கைக்காய், எல்லாம் தெரிந்தவர் கையில்தான் கடல் தாண்டுகின்றன.

கணேசன் அ. பக்கத்து லைன். ஜெனரேட்டர் ரிப்பேர் கான்ட்ராக்ட். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். நல்ல மனுஷர்.

"அண்ணே, பத்திரம். உடையக் கூடாது."

"என் புள்ள மாதிரி பாத்துக்கறேன், போம்மா. எனக்கு ஒரே கவலை வியாழக்கிழமைதான். அன்னைக்கு நான் கவுச்சி தொடமாட்டேன். கப்பல் பங்க் கிளாஸ்ல அத்தனை பேரும் கறி திம்பாங்க, எனக்கு மட்டும் தயிர்சோறு."

சாயங்காலம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி, தீவுகளுக்கு போட் கிளம்பும் துறை. அறிவிப்பு மைக்கில் நான்தான். நீல் தீவு போட் லேட் என்று அறிவித்ததும் கவுன்டரில் ஒருவர் வந்து, கடலை நானே கலக்கிவிட்டது மாதிரி முறைத்தார். பழகிவிட்டது.

வீடு திரும்பும்போது கை வெறுமையாக இருந்தது. இத்தனை மாதம் மேஜையில் இருந்த பொருள். மகள் பவித்ராவைப் பள்ளி விடுதிக்கு அனுப்பியிருந்தால்கூட இப்படி இருந்திருக்குமா தெரியாது. அவளிடம் சொல்லக் கூடாது.

நவம்பர் 5, புதன்

மழை வலுத்துவிட்டது. வங்கக்கடலில் காற்றழுத்தமாம். நெட் வருகிறது, போகிறது.

காலையில் விஜி மேடம் போன்.

"மாடல் அனுப்பிட்டீங்களா அமுதா?"

"அனுப்பிட்டேன் மேடம். கப்பல்ல, தெரிஞ்சவர் கையில."

மேடம் குரல் மாறிவிட்டது.

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"உடையக் கூடாதுன்னு சொன்னேன்."

அப்புறம் மேடம் பொறுமையாகச் சொன்னது: விண்ணப்பம் இன்னும் போடவில்லை. போடும் தேதிக்கு முன்னால் பொருள் ஊருக்குத் தெரிந்துவிட்டால், அது புதியது இல்லை என்று தள்ளிவிடலாம். முதலில் தாக்கல், அப்புறம்தான் காட்சி. இதை முதல் நாளே சொன்னாராம். சொல்லியிருப்பார். எனக்கு மண்டையில் ஏறவில்லை. காட்டுவது என்றால் கடையில் வைப்பது, பொருட்காட்சியில் வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணேசன் அண்ணன் கணக்கிலேயே வரவில்லை. அவர் வேற்று ஆளா?

"மேல இருந்து பாத்தா உள்ள இருக்கற பொறி தெரியுமா?"

"தெரியாது மேடம். அடிப்பலகைல நாலு ஸ்க்ரூ. அதைக் கழட்டினாத்தான் தெரியும்."

"அப்போ யாரும் கழட்டாத வரைக்கும் நமக்கு வழி இருக்கு. விளையாட்டோட விதிமுறைக்கு எப்படியும் பேட்டன்ட் கிடையாது. நாம கேட்கப்போறது உள்ள இருக்கறதுக்குத்தான்."

கழட்டாத வரைக்கும் என்று காதில் விழுந்ததும் கணேசன் அண்ணனுடைய சட்டைப் பை ஸ்க்ரூ டிரைவர் கண்ணில் வந்து நின்றது.

பத்து நிமிஷம் கழித்து நெட் வந்தது. வாட்ஸாப்பில் கணேசன் அ. அனுப்பிய போட்டோ. நேற்றே, சிக்னல் போவதற்குள் அனுப்பியிருக்கிறார். பங்க் படுக்கையில் என் ஃபெர்ரி. சுற்றிலும் ஏழெட்டுத் தலைகள். ஒரு அம்மா என் லாரியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். கீழே: "பொழுது நல்லா போகுதும்மா."

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. நடுக்கடல். இனி சென்னை தெரியும்வரை அவருக்கு நானும் இல்லை, எனக்கு அவரும் இல்லை.

டியூட்டியில் தபன் தாவிடம் கேட்டேன். கன்ட்ரோல் ரூம் ஆள், வங்காளி. அவர்கள் பேச்சில் 'தா' என்றால் அண்ணன், எனக்கும் அப்படித்தான். கப்பலுக்கு ரேடியோவில் ஒரு சேதி சொல்ல முடியுமா?

"ரேடியோ மே க்யா போலூங்கா தீதி? கிலோனா பந்த் கரோ?"

பொம்மையை மூடி வை என்றா கேப்டனிடம் சொல்வது, என்று சிரித்தார். ரேடியோ ஆபத்துக்குத்தான். இது எனக்கு ஆபத்துதான் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ரேடியோ மட்டும் முடியாது.

மேடம் சாயங்காலம் மறுபடி. மாடலுக்குக் காத்திருக்க வேண்டாம், தற்காலிக விண்ணப்பம் ஒன்று நாளையே போட்டுவிடலாம் என்றார். தேதி கிடைத்துவிடும், முழுசாக எழுத அப்புறம் அவகாசம் உண்டு. ஆனால் பொறி எப்படி வேலை செய்கிறது என்று நான் எழுதி, உள்பக்கப் படங்களோடு அனுப்ப வேண்டும். யாரும் கழட்டுவதற்கு முன்னால்.

பாஸ்கர்: "போனா போகட்டும், வேற ஒண்ணு செய்யேன்."

கோபம் தலைக்கேறியது. வேறு ஒன்றாகத்தான் இதைச் செய்தேன். போன முறை தீவுகளைச் சுற்றும் அட்டை விளையாட்டு, எல்லாம் கையால் வரைந்தது. பொருட்காட்சியில் பார்த்தவன் எவனோ மெயின்லேண்டில் அச்சடித்து இங்கேயே விற்றான். பவித்ரா பிறந்தநாளுக்கு அவள் தோழி அதையே ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தாள். பிள்ளை முகம் மாறாமல் தேங்க்ஸ் சொன்னாள். பெட்டியைப் பிரிக்கவே இல்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

இதையும் அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

நவம்பர் 6, வியாழன்

மழை. பள்ளி லீவு. நல்லதாயிற்று.

முதலில் செய்து சரிவராமல் ஷெல்ஃபில் போட்ட ஃபெர்ரியை எடுத்தோம். அதன் பொறியில் கதவு கிடையாது, கோலி போன வழியே திரும்பிவிடும். பவித்ரா ஷாம்பு பாட்டிலை வெட்டித் துண்டு கொடுத்தாள். என் உடைந்த தோட்டின் கம்பியில் கோத்துக் கதவு வைத்தேன். பாஸ்கர் டார்ச் பிடித்தார், நேற்றுப் பேசியதற்குப் பரிகாரம் போல. உள்ளே படம் எடுத்தோம்.

எழுதுவதுதான் பாடு. கை அறிந்ததை வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று தாள் கிழித்தபின்:

மேல்தளத்தில் வண்டி வைத்ததும் தளம் ஒரு நூலளவு இறங்கும். அடியில் உள்ள குச்சி கதவைத் தூக்கும். இரும்புக் கோலி சாய்ந்த பக்கம் உள்ள அடுத்த பள்ளத்துக்கு ஓடும். கதவு தன் எடையால் விழும். கோலி திரும்ப வராது. ஆகவே போன தடவை லாரி நின்ற இடத்தில் இந்தத் தடவை லாரி வைத்தால் கவிழும்.

பாராடாங் தீவுக்கு வண்டி ஏற்றும் துறையில் பார்த்தது அவ்வளவுதான். ஃபெர்ரியில் பஸ் ஏறுகிறது, ஆள் "பீச்சே, ஔர் பீச்சே" என்று இன்னும் பின்னால் போகச் சொல்லிக் கத்துகிறான், தளம் சாய்கிறது, நிமிர்கிறது. ஒரே பஸ், ஒரே இடம், ஆனால் தண்ணீர் நேற்றைய தண்ணீர் இல்லை. இதைப் பொம்மைக்குள் எப்படி வைப்பது என்பதற்குத்தான் இத்தனை மாதம்.

வீட்டில் நெட் சுத்தமாக இல்லை. பாஸ்கருடைய கடைக்குப் போய் முயன்றதில் ஒரு படம் ஏறியது, அடுத்தது பாதியில் நின்றது. டியூட்டி நேரம் ஆகிவிட்டது. போனோடு ஜெட்டிக்கு ஓடினேன். அங்கே கவுன்டர் ஓரம் ஜன்னலை ஒட்டிப் பிடித்தால் ரெண்டு கோடு வரும்.

ஒரு படம். ஒரு அறிவிப்பு. ஒரு படம். லாங் ஐலேண்ட் போட் ரத்து. திட்டு. இன்னொரு படம்.

மேடம் போன், சந்தேகம் கேட்டு. நான் ஒரு கையில் போன், ஒரு கையில் டிக்கெட் லிஸ்ட்.

"கதவு எதனால விழுதுன்னுதானே கேக்கறீங்க மேடம்? அது..."

தபன் தா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு கையையும் வீசினார்.

"தீதி! மைக் சாலூ ஹை!"

மைக்கை அணைக்கவே இல்லை, ஜெட்டி முழுக்க என் குரல். சுவிட்சைத் தட்டினேன். எதுவரை சொன்னேன்? கதவு விழுகிறது என்றவரைதான். எதனால் என்று சொல்லவில்லை. சொல்லவில்லை, சொல்லவில்லை. குடையோடு ஒரு பெரியவர் வந்து, "எந்த போட்ல கதவு விழுந்துச்சு? நாங்க ஏறலாமா?" என்றார். கணேசன் அண்ணனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

சாயங்காலம் கடைசி ஹட் பே அறிவிப்பு முடிந்ததும் மேடத்திடமிருந்து ஒரு வரி: தாக்கல் ஆயிற்று. கூடவே விண்ணப்ப எண், இன்றைய தேதி. கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, நாளைய போட் நேரங்களை வாசித்தேன்.

ஆனால் கணேசன் அண்ணன் எப்போதோ திறந்திருந்தால்? நேற்றே திறந்திருந்தால்?



நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. வெயில் கண்ணைக் குத்துகிறது. துணி முழுவதையும் மறுபடி நனைத்துப் போட்டேன், நாற்றம்.

காலையில் போன் அடித்தது. கணேசன் அ.

"வந்து சேந்துட்டோம்மா. மாப்பிள்ளை கூட வண்டியிலதான் இருக்கேன். உன் பொம்மைதான் கப்பல்ல ஹீரோ! ஒரு தடவ கோலி மாட்டிக்கிச்சு. விடுவேனா? நாலு ஸ்க்ரூவையும் கழட்டி, உள்ள தூசியத் தொடச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுட்டேன். எல்லாருக்கும் காட்டினேன், பாருங்கடா, இதுதான் மூளைன்னு. கை தட்டினாங்கம்மா! ஒருத்தன் வீடியோவே எடுத்தான்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்போண்ணே திறந்தீங்க?"

"என்னம்மா?"

"எந்தக் கிழமை?"

"கப்பல்ல ஏதும்மா கிழமை? படுத்தா ராத்திரி, எழுந்தா காலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. புதனா, வியாழனா?"

"எல்லாம் ஒண்ணுதான்."

பாஸ்கர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பவித்ரா பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். அவள்தான் குனிந்து கேட்டாள்:

"மாமா, அதத் திறந்தப்போ நீங்க என்ன சாப்டீங்க?"

"என்னத்த சாப்ட்டேன் கண்ணு, தயிர்சோறு. சுத்தி அத்தனை பேரும் கோழிக்காலக் கடிச்சுக்கிட்டே வேடிக்கை பாக்கறான். எண்ணெய்க் கையோட வீடியோ எடுக்கறான். எனக்கு வந்த எரிச்சலுக்கு..."

வியாழன்.

அவர் மேலே பேசிக்கொண்டே போனார். நான் பவித்ரா தலையைப் பிடித்து என் வயிற்றில் அழுத்திக்கொண்டேன். பேஸ்ட் நுரை நைட்டியில்.

மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், தயிர்சோறு உட்பட. விண்ணப்பமும் அதே தேதிதான். திறந்தது முந்தின நாளாக இருந்தால்தான் தலைவலி, என்றார். மேலே வைத்து விளையாடியது பற்றி எவராவது கேள்வி கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம். கிடைத்தே தீரும் என்று தன்னால் சொல்ல முடியாது. "இனிமே ஊறுகாய மட்டும் கையில குடுத்து அனுப்புங்க அமுதா."

மதியம் வீடியோ வந்தது. எத்தனையோ பேர் கைமாறி, கடைசியில் தபன் தா அனுப்பியது. பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். பங்க் முழுக்கக் கூட்டம். கணேசன் அண்ணன் அடிப்பலகையைத் தூக்கிக் காட்டுகிறார். என் கதவு, என் கோலி, பட்டப்பகல் வெளிச்சத்தில். நேற்று அல்லாமல் முந்தாநாள் என்றால் செத்தேன். அப்புறம் மூடி, வண்டி வைக்கிறார்கள். ஒரு குரல், யார் செஞ்சது இது என்று. "நம்ம ஃபீனிக்ஸ் பேல மைக்குல பேசுமே, அந்தம்மா" என்கிறார் அண்ணன்.

"அந்தப் பொம்பளையா? இத்தனை நாளா போட்ட நிறுத்திட்டு இருந்தா. இப்போ கவுக்கவும் ஆரம்பிச்சுட்டாளா?"

கப்பலே சிரிக்கிறது. அதற்குள் பஸ் சரிந்து கடலில் விழ, அத்தனை பேரும் ஐயோ என்கிறார்கள். எனக்கு முகம் தெரியாத மனிதர்கள். அந்த ஐயோவைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

டியூட்டிக்குக் கிளம்பும்போது பவித்ரா பழைய ஃபெர்ரியை மேஜையில் வைத்து லாரி ஏற்றிக்கொண்டிருந்தாள். போய்க் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்த ரிப்பன் பெட்டியை இழுத்தாள். எதற்குடி அது என்றேன்.

"மேஜை ஒரு பக்கம் சாயுதும்மா. கால் கீழ குடுக்கறதுக்கு."

நவம்பர் 8, சனி

வெயில். எல்லா போட்டும் நேரத்துக்கு. ஒருவரும் திட்டவில்லை, வேலையே செய்யாத மாதிரி இருந்தது. வாங்க வேண்டியது: கம்பி, ஷாம்பு (கதவு வெட்ட பாட்டில் வேண்டும்).