மூன்றாம் கியரில் நின்ற கார்

அக்கா,

நேற்றிலிருந்து என் நகத்தில் ஈரச் சிமெண்ட் வாசனை. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. இந்த வாசனை வந்தால் உன் ஞாபகமும் பட்டறைக்காரன் சின்னதுரையின் ஞாபகமும் சேர்ந்தே வருகின்றன. உன்னை நினைத்து அழ உட்கார்ந்தால், அவனைத் திட்டிக்கொண்டே எழுந்திருக்கிறேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் டாக்டரின் ஆட்டோமேட்டிக் கார் நம் வாசலில் வந்து நின்றது. போலியோவில் இடது கால் சூம்பியவர். கிளட்ச் இல்லாத அந்த வண்டியை மட்டும்தான் அவரால் ஓட்ட முடியும். பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைத்ததிலிருந்து அது மூன்றாம் கியரை விட்டு நகரவில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி, யாருக்காகவும் வேகத்தை மாற்றாது.

"டிவி ரேடியோல்லாம் சரி பண்றியேம்மா, இதுலயும் உள்ள கம்ப்யூட்டர்தான். பாரேன்" என்றார்.

நீ சென்னையிலிருந்து அந்த வண்டிப் புத்தகத்தின் ஜெராக்ஸை வரவழைத்துப் படித்தாய். பானெட்டைத் திறந்து, ஒரு சின்னப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளைத் துண்டு வயரால் இணைத்தாய். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு விளக்கு கண்ணடித்தது.

"உன்னயத்தான்க்கா பாக்குது."

"வாய மூடிட்டு எண்ணுடா."

ஆறு. கொஞ்சம் நின்று, இரண்டு. அறுபத்திரண்டு என்றால், கியரை மாற்றும் மின்சார வால்வுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். நான் நீ ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் போச்சு என்று கத்தும்போதெல்லாம், "மொதல்ல பிளக்கப் பாரு, அப்பறம் அழு" என்பாய். அன்றும் அதையேதான் சொன்னாய். ஆனால் அந்தப் பிளக் வண்டிக்கு அடியில். அடியில் இறங்கிப் பார்க்க நம் வாசலில் பள்ளம் ஏது? வண்டி சின்னதுரை பட்டறைக்குப் போனது.

"அண்ணே, கியர் பாக்ஸ எறக்காதீங்க. அதுக்குப் போற பிளக்க மட்டும் கழட்டிப் பாருங்க" என்றாய்.

"மிக்ஸி மூடி தொறக்குற கையி, கியர் பாக்ஸுக்கு வைத்தியம் சொல்லுது பாரு!"

பட்டறையே சிரித்தது. சின்னதுரை கியர் பாக்ஸை முழுசாக இறக்கி மாட்டினான். பிளக்கைப் பிடுங்கிச் செருகியதிலேயே கரண்ட் திரும்பிவிட்டது, பெயர் அவனுக்கு. அதோடு விட்டானா? நீ செருகிய துண்டு வயரை வைத்தே ஒரு கதை கட்டினான். "அந்தப் பொண்ணு வயர விட்டுக் கருக்கிட்டா, நான்தான் காப்பாத்துனேன்" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சொன்னான். உன்னிடம் கொடுத்த டிவிகளை ஆட்கள் திரும்ப வாங்கிப் போனார்கள். தை மாதக் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அந்தப் பிளக்க யாராச்சும் பாத்தாங்களாடா?" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது. அவனை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நேற்று, பூஜைக்கு மறுநாள், டாக்டர் வண்டி மறுபடி மூன்றில் நின்றது. பட்டறைக்கு ஓடினேன். சின்னதுரை ஸ்பேனரோடு தயாராக இருந்தான்.

"வாடா, அக்கா விட்ட வயர தம்பி எடுக்க வந்தியா?"

டாக்டரிடம் இரண்டே நிமிஷம் கேட்டேன். துண்டு வயரைச் செருகி, எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கை எண்ணினேன். ஆறு, இரண்டு. பிறகு பள்ளத்தில் இறங்கிப் பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. வருஷமெல்லாம் நம் ஊர் சிமெண்ட் ஆலை லாரிகளின் தூசி புகுந்து உட்கார்ந்திருக்கிறது. பூஜைக்குத் தண்ணீரைப் பீய்ச்சியதும் இறுகிவிட்டது.

"அண்ணே, உள்ள வூடே கட்டிருக்காங்க. பால் காச்சுனா குடி போயிரலாம்!"

பட்டறை சிரித்தது, இந்தத் தடவை அவனைப் பார்த்து. ஊசியால் சுரண்டி மாட்டினேன். வண்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறிப் போனது. "ஒனக்கு என்னடா வேணும்?" என்றார் டாக்டர்.

"இவரு எங்க வூட்டுக்கு வந்து, எங்கம்மாகிட்ட சொல்லணும் சார்."

வந்தான். "ஒங்க பொண்ணு சொன்னதுதாம்மா சரி. நான்தான் பாக்காமப் பேசிட்டேன்" என்றான். நறுக்கென்று கேட்க நாலு கேள்வி வைத்திருந்தேன். அதற்குள் அம்மா அழுதுகொண்டே, "வெயில்ல வந்துருக்கீங்க, உக்காருங்க" என்று சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் என்னை! குவியலாக நாலு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

ஒரு வாய் குடித்தான். என்னைப் பார்த்தான். பிறகு முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, தம்ளரை என் கையில் கொடுத்து, "நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொல்லிப் போய்விட்டான்.

துப்பியிருக்கலாம், அக்கா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இப்போது என் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? அது என்னிடமே இருக்கிறது, ஒரு வாய்கூடக் குறையாமல்.