கடைசியாக அலசிய தண்ணீர்

மகளே,

ஞாயிற்றுக்கிழமை திபிலிசி நகரத்திலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டத்தில் கடைசியாக நின்ற தொப்பிக்காரன் நான்தான். தொப்பி வெயிலுக்காகப் போட்டது. நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

நம் ஒயின் அறையில், மண்ணில் புதைத்த தாழிக்குள் நீயே இறங்கித் தேய்த்துக் கழுவிவிட்டு ஏறி வந்தாய். "பொம்பளை கழுவின தாழியில ஒயின் புளிச்சிடும்னு சொல்வாங்களே?" என்று ஒரு பருத்த ஆள் சிரித்தான். அதே பேச்சை உன்னிடம் சொல்லிச் சண்டை போட்டுத்தான் நான் நான்கு வருஷமாக அந்த நகரத்தில் உன் சித்தப்பா வீட்டில் இருக்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நீ கோபப்படவில்லை. கடைசியாக அலசிய தண்ணீரைக் குவளையில் மொண்டு, நம் வழக்கப்படி பாதியைக் குடித்தாய். "மீதியை நீங்க குடிங்க மாமா. அழுக்கு இருந்தா சொல்லுங்க!" என்று நீட்டினாய். அவன் பின்வாங்கினான். நான் வாங்கிக் குடித்தேன். ஊற்றுத் தண்ணீர் தோற்றது, போ.

பிறகு பழைய ஒயினை ஊற்றினாய். எல்லோருக்கும் கண்ணாடிக் கோப்பை. எனக்கு மட்டும், விளிம்பு உடைந்த என் மண் கிண்ணம். "வெயிலுக்கு நல்லது, குடிங்க பெரியவரே" என்றாய், முகத்தைப் பார்க்காமலே.

ஒயினைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். கிண்ணத்தை எத்தனை தடவை நீட்டினேன் என்று பார்த்தாய் அல்லவா?

திரும்பும்போது பேருந்தில் அந்தப் பருத்தவன், "யாருங்க அந்தப் பொண்ணு? பெரிய கைகாரியா இருக்காளே!" என்றான். தொப்பியைக் கழற்றிவிட்டு, பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அறுவடைக்கு வருகிறேன்.

உன் அப்பா