பெரட்டில் உன் பேர்

மேல் டிவிசன் லயம்,
பொகவந்தலாவை.
14.09.2003

அன்பு மருமகள் ரஜனிக்கு,

மாமன் வீரய்யா எழுதுவது. நீயும் உன் ரூமில் இருக்கிற பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக வேலைக்குப் போய் வர வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். ஒரு வாரமாக மழை. அன்ஸார் நானா கடையிலிருந்து போன் எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே பேசினால் பஜாரே காது கொடுக்கும். அதனால்தான் கடிதம்.

மாத முடிவில் வேலையை விடப் போவதாகக் கொழும்புக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று உன் கடிதத்தில் பார்த்தேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் மெஷின் சங்கதி.

ஜப்பானிலிருந்து மெஷின் வந்துவிட்டது. அதை ஏற்றி வந்த லொறி மூன்று வளைவில் திரும்பவில்லை. நான்தான் முன்னால் நின்று கை காட்டிக் கொண்டுவந்து சேர்த்தேன். இல்லையென்றால் இன்றைக்கும் அது நோர்வூட்டில்தான் நிற்கும். தேயிலைத் தூளில் கிடக்கிற சிவப்புக் காம்பைப் பொறுக்குவதுதான் அதன் வேலை. உள்ளே ஒரு கண் இருக்கிறது. காம்பைக் கண்டால் டிக் என்று காற்றை ஊதித் தள்ளிவிடும். ஆனால் வந்த அன்றைக்கு எது தூள், எது காம்பு என்று அதற்குத் தெரியாது. டீமேக்கர் துரைராசா ஐயா யாழ்ப்பாணத்து மனுசன், ஒருத்தரையும் லேசில் புகழமாட்டார். அவரே, “வீரய்யா, உம்மை விட்டா வேற ஆர் இருக்கினம்” என்று என்னைக் கூப்பிட்டார். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் ஜப்பான் மெஷினுக்கு வாத்தியார் ஆனேன்.

மூன்று நாள் பாடம் நடந்தது. காம்பு பொறுக்குகிற பொம்பளைகள் பதினொரு பேரும் வெள்ளைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தூளை ஒரு தட்டில், காம்பை ஒரு தட்டில் போட்டுப் போட்டுக் கொடுத்தோம். மெஷின் அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. உன் அம்மாவின் தட்டில் ஒரு காம்பு தப்பவில்லை. வந்திருந்த ஜப்பான்காரர் எழுந்து நின்று, உன் அம்மாவுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். நான் கூட்டிச் சொல்கிறவன்தான். இதில் ஒரு சொல் கூட்டவில்லை.

நாலாம் நாள் மெஷினுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அஞ்சாம் நாள் பதினொரு பேரையும் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் அம்மா இருபத்திரண்டு வருசம் தேயிலை ஸ்டோருக்குள் உட்கார்ந்து வேலை செய்தவள். இப்போது கூடையோடு ஏறுகிறாள். மலையில் நல்ல காற்று, உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அட்டை கடித்த இடத்தில் சாயந்தரம் சுண்ணாம்பு வைத்துவிடுகிறேன். நானும் இப்போது தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டத்தான் போகிறேன். ஸ்டோரில் வாத்தியாருக்கு வேலை முடிந்துவிட்டது.

இனி உன் விசயம்.

தோட்டத்துப் பெரிய தொரையிடம் நான் உனக்காகப் பேசியது சத்தியம். ஏ.எல். பாஸ் பண்ணிய பிள்ளை, ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, இந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை, மெஷினைப் பார்க்கிற வேலையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்க என்று கேட்டேன். “பேரப் பதிஞ்சிட்டுப் போ” என்றார். பேர் பதி என்றால் வேலை கொடுத்தாச்சு என்றுதானே நான் எடுத்துக்கொள்வேன்? வேலை கிடைத்தாச்சு, வந்துவிடு என்று அன்றைக்கே உனக்கு எழுதினேன். மாதச் சம்பளம், ஸ்டாப் குவாட்டஸ், வாசலில் பூச்சட்டி என்று எழுதியதெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது. அன்ஸார் நானா கடையில் எல்லாருக்கும் பிளேன் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குவாட்டஸ் ஜன்னலைத் துடைத்தும் வைத்தேன்.

தோட்டத்துப் பொம்பளைப் பிள்ளை பேர் கொடுத்தால் கிளாக்கர் பதிகிற புத்தகம் ஒன்றுதான் அம்மா. கொழுந்தெடுக்கிறவர்களின் செக்ரோல். உன் பேரை அதில் பதிந்துவிட்டார். போய்க் கேட்டதற்கு, “நீதானய்யா பதியச் சொன்ன” என்கிறார். மெஷினைப் பார்க்க ஆளே தேவையில்லையாம். மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். குவாட்டஸுக்குள் மெஷின் வந்த மரப்பெட்டியைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

காலையில் எல்லாரும் வேலைக்கு வந்து நிற்கிற பெரட்டில் கணக்குப்பிள்ளை பேர் வாசிக்கிறார். ராசம்மா என்கிறார். உன் அம்மா “இருக்கேன்யா” என்கிறாள். அடுத்தது ரஜனி என்கிறார். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முதல் நாள் நான் ஆம்பளைகள் பக்கத்திலிருந்து, “அது கொழும்புல கம்ப்யூட்டர் வேலைங்கய்யா, லண்டன் ஆஸ்பத்திரி பில்லெல்லாம் அதுதான் அடிக்குது” என்றேன். “கதை வேணாம், வரலைன்னு மட்டும் சொல்லு” என்றார். லயத்தில் பக்கத்துக் காம்பரா லெட்சுமி, “ஜப்பான் வாத்தியாரே, கவ்வாத்துக் கத்தியில எந்தப் பக்கம் கூர்னு தெரியுமா” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் ஆள் வராவிட்டால் பேர் தானாக வெட்டுப்படும் என்று கிளாக்கர் சொல்கிறார். அதனால் நீ தீபாவளிக்கும் வராதே. உன்னைக் கண்டால் ஆள் வந்தாச்சு என்று கூடையைக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பக்கம் கொழுந்தெடுக்க ஆள் பற்றாது. உனக்குச் சேலை வாங்கி வைத்திருக்கிறாள் அம்மா. தபாலில் அனுப்பச் சொல்கிறேன்.

கம்பெனிக்குக் கடிதம் கொடுத்துவிட்டாய் என்றால் போய்த் திருப்பிக் கேள். மாமன் பொய் சொல்லிவிட்டார் என்று சொல். என் பேரையும் சொல், பரவாயில்லை.

உன் வேலையையும் ஒரு நாள் மெஷின் படித்துக்கொள்ளுமா என்று அம்மா கேட்டாள். அது நடக்கவே நடக்காது, அதுக்கு இங்கிலீஸ் தெரிய வேணும் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது ரஜனி. யாராவது உன்னை மூன்று நாள் உட்கார வைத்து, எது சரி எது பிழை என்று பிரித்துக் காட்டச் சொன்னால், உடனே எனக்கு எழுது. வேறு என்ன படிக்கலாம் என்று அதற்கு முன்னாலேயே யோசித்து வை.

நம்ம மாரியம்மா உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும். டிசம்பர் வரைக்கும் தினமும் உன் பேரைக் கூப்பிடுவார்கள். தினமும் நான் “வரலைங்கய்யா” என்று சொல்வேன். நான் சொன்னதில் இந்த ஒன்றையாவது பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமன்
வீரய்யா