சகானாவுக்கு நீ சொன்ன கதை

என் வசந்தா அக்காவுக்கு,

காலையிலிருந்து நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டேன், அணைத்தேன், காபி கலந்தேன், குடிக்காமல் ஆறவிட்டேன். நாளை சாயங்காலம் மாமல்லபுரத்தில் கச்சேரி. நீ கண்மூடிய பிறகு, நீ இல்லாமல் நான் மேடையேறப் போகிற முதல் கச்சேரி. பயமாக இருக்கிறது அக்கா, வேறென்ன சொல்ல?

பாடுவது நான்தான் என்றாலும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து அது பிறந்த கதையைச் சொன்னவள் நீ. பாதிக் கூட்டம் உன் கதைக்குத்தானே வந்தது? அதிலும் அந்தச் சகானா ராகக் கீர்த்தனைக்கு நீ சொல்லும் கதை! பாட்டை எழுதியவருக்கு ஓர் அக்கா. தம்பியைவிட அவளுக்குத்தான் குரல். அப்பா படுக்கையில் விழுந்ததும் வயல் வேலை அவள் தலையில் வந்தது. விடிகாலைப் பாட்டு நேரமும் வயலுக்குப் போகும் நேரமும் ஒன்றாகிவிட, தம்புராவைத் தம்பி மடியில் வைத்துவிட்டுப் போனாள். பின்னாளில் இந்தப் பாட்டைக் கட்டியபோது, கடைசிச் சரணத்தில் தன் பெயரை முத்திரையாக வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இதில் முத்திரையே இல்லை என்பாய்.

ஒரு தடவை முன்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா அந்த அக்கா பெயரைக் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? "பேரு இன்னாவா இருந்தா இன்னாம்மா, பாட்டைக் கேளுங்க" என்று சிரித்துவிட்டாய்.

நேற்று நம் வயலின் ராஜி போன் செய்தாள். கதைகளை இனி நானே சொல்லப் போகிறேன் என்றதும், புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறாள். "அவருக்குக் கூடப்பொறந்த அக்காவே கெடையாதுடி. இன்னாத்துக்கு வம்பு, வுட்டுடு" என்றாள். முத்திரை இல்லாத பாட்டுகள் எத்தனையோ உண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள், மானம் போய்விடும் என்றாள்.

உன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. இத்தனை வருஷமும் வாய் கூசாமல் மேடையில் கதை விட்டாயா? திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

நம் அப்பா படுத்த வருஷம்தான் நீ கல்பாக்கம் வேலைக்குப் போனாய். செங்கல்பட்டில் நம் தெருமுனைக்கு ஸ்டாஃப் பஸ் வரும் நேரமும் பாட்டு வகுப்பு நேரமும் ஒன்று. சகானா உனக்குத்தான் வருகிறது என்று டீச்சர் என் எதிரிலேயே சொல்லுவார். சுருதிப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, "நீ பாடிகினு இரு, நான் வரேன்" என்று டிபன் பாக்ஸோடு ஓடியவள் நீதானே?

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? அவ்வளவு ஆசையாக இருந்ததா பாட? ஒவ்வொரு கச்சேரியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாயா? அப்போதெல்லாம் நான் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் பிள்ளை நாளைக்கு நாவலூர் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டான். முன்வரிசையில் உட்காருவானாம்.

ராஜியிடம் பேசிவிட்டேன். கதையை விடப் போவதில்லை. அதைப் பாட்டெழுதியவர் தலையில் கட்டவும் மாட்டேன். செங்கல்பட்டில் ஓர் அக்கா இருந்தாள் என்றுதான் ஆரம்பிப்பேன். அவள் பெயரை யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

வசந்தா. அதைச் சொல்லிவிட்டுத்தான் சகானாவை எடுப்பேன். இது சத்தியம்.

நீ மடியில் வைத்துவிட்டுப் போனதை இன்னும் கீழே வைக்காத உன் தங்கை,
கோமதி