விளக்கேற்ற உத்தரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிள்ளை பிறக்கும்வரை உனக்கு எதையும் தெரிவிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

சண்டைக்குப் போன விமானங்களில் அத்தானுடையது மட்டும் இன்னும் இறங்கவில்லை. திரும்பி வந்துவிட்டது அக்கா, நம் கூரைக்கு மேலேயே சுற்றியது. ஆனால் அதன் பின்னால் எதிரி விமானங்களும் வந்திருக்கின்றனவாம். அதனால் ஓடுபாதையில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது என்று உத்தரவு.

வழக்கம்போல ஓடுபாதை விளக்குகள் எல்லாவற்றிலும் எண்ணெய் ஊற்றி, திரியை வெட்டி வைத்துவிட்டு, அப்பா தீப்பெட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி.

"பெரியவரே, குச்சியக் கிழிச்சா சுடச் சொல்லியிருக்காங்க. என்னப் பாவியாக்காதீங்க" என்று அப்பாவின் காதருகே குனிந்து கெஞ்சினான்.

"மேல சுத்துறது என் மருமகன்பா" என்றார் அப்பா. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இத்தனை வருட விமான இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது உனக்குத் தெரியும். மேலே கேட்கும் சத்தத்தை என்னிடம்தான் விசாரிக்கிறார்.

"பாப்பா, சுத்துதா?"

"சுத்துதுப்பா."

"அப்போ பெட்ரோல் இருக்கு. மாப்பிள்ளை சிக்கனக்காரர். ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குற ஆளாச்சே."

அக்கா, சத்தம் மலைப்பக்கம் போய் நின்று வெகுநேரமாகிவிட்டது. அதற்குப் பிறகும் அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் வாசலருகே படுத்தபடியே "சுத்துதுப்பா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

விடிந்தால் அவரே வானத்தைப் பார்த்துவிடுவார்.

உன் தங்கை